கொலுவில் சுற்றிய கிரகம்

ஜானு மாமியின் கொலுவில் அந்த வருஷம் தசாவதாரத்துக்குக்கூட உரிய மரியாதை கிடைக்கவில்லை. மந்தைவெளியில் அந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு மூச்சு வாங்க ஏறி வந்தவர்கள் எல்லோரும் அம்பாளை ஒப்புக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேராக மூலைக்குத்தான் போனார்கள். மற்ற வருஷங்களில் மணலைக் கொட்டிக் கடுகு முளைக்கவைத்து, கண்ணாடித் துண்டில் குளம் கட்டிப் 'பார்க்' வைக்கிற மூலை அது. இந்தத் தடவை அங்கே கறுப்பு வெல்வெட் துணி விரித்திருந்தது. நடுவில் ஒரு சிவப்பு ஜீரோ வாட் பல்பு, அதுதான் நட்சத்திரம். அதைச் சுற்றிச் சாத்துக்குடி அளவில் ஒரு தெர்மாகோல் பந்து, பாதி செம்மண் நிறம், பாதி மை இருட்டு. மாமியின் பிள்ளை அனிருத் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி வந்த மோட்டார் அடியில் முனகிக்கொண்டே பந்தைச் சுற்றவைத்தது. பின்னால் சுவரில், பேட்டைப் பத்திரிகையில் வந்த செய்தியை லாமினேட் செய்து மாட்டியிருந்தாள் மாமி: 'புதுக் கிரகம் கண்டுபிடித்த மந்தைவெளிப் பெண்.'

"எங்காத்து மாட்டுப்பொண் கண்டுபிடிச்சதாக்கும். அந்த நட்சத்திரம் நம்ம சூரியன் மாதிரி பெரிசு இல்லே. சின்னது, செவப்பா இருக்கும், சூடும் கம்மி. அதனால இது கிட்டக்க ஒட்டிண்டு சுத்தறது. ஒரு மொகத்தைத்தான் காட்டும். இந்தப் பக்கம் எப்பவும் பகல், அந்தப் பக்கம் எப்பவும் ராத்திரி, விடியவே விடியாது."

"அப்போ அங்கே வெளக்கேத்தற நேரம் எது மாமி?" என்று வந்தவர்களில் ஒருத்தி கேட்டாள்.

"நடுவுல கோடு மாதிரி தெரியறது பாருங்கோ. அங்கே எப்பவும் சாயங்காலம். நாள் பூரா ஏத்திண்டே இருக்கலாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். சமையலறையில் தொன்னைகளில் சுண்டல் போட்டுக்கொண்டிருந்த அந்த மாட்டுப்பெண், அனிருத்தின் மனைவி ஹம்சாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்தக் கிரகம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். கொலு வைத்த அன்றைக்கே தெரிந்துவிட்டது. உலகத்தில் இன்னும் வேறு யாருக்கும் தெரியாது.

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த தேவானைக்கும் அந்தப் பந்தின்மேல் ஒரு கண் இருந்தது. கோட்டூர்புரத்தில் ஆற்றோரமாக இருந்த வீட்டை இடித்துவிட்டு அவளைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பியிருந்தார்கள். இரண்டு பஸ் மாறி வேலைக்கு வந்துகொண்டிருந்தாள்.

"இன்னா மாமி, அங்க ஜனங்க யாராவது கீறாங்களா?"

"இன்னும் தெரியலைடி."

"சத்தமா சொல்லாதே மாமி. காலி எடம்னு தெரிஞ்சா கவுருமெண்டு மொத வேலையா எங்களத்தான் இட்டுனு போய் அங்க வுடும்."

மாமி விழுந்து விழுந்து சிரித்தாள். போன வருஷம் வரை இதே மாமிதான், "கம்ப்யூட்டர்ல கோடு கோடா என்னத்தைடி பாத்துண்டிருக்கே, ஒரு காப்பி போடப்படாதோ" என்று புலம்பிக்கொண்டிருந்தவள். செய்தி வந்த நாளிலிருந்து காப்பி மருமகளின் மேஜைக்கே வந்துவிடுகிறது. ஹம்சாவுக்கு அதுவும் கசந்தது.

நடந்தது இதுதான். தூரத்து நட்சத்திரத்தின் கிரகத்தை நேராகப் பார்ப்பது பெரும்பாலும் நடக்காத காரியம். கிரகம் இழுக்கிற இழுப்பில் நட்சத்திரம் லேசாக ஆடும். அந்த ஆட்டத்தைப் பிடித்தால் கிரகத்தைப் பிடித்த மாதிரி. ஆனால் சிவப்புக் குள்ளன்கள் என்கிற இந்தச் சின்ன நட்சத்திரங்கள் இருக்கின்றனவே, அவை சரியான போக்கிரிகள். உடம்பெல்லாம் கரும்புள்ளி. புள்ளிகளோடு தன்னைத்தானே சுற்றும்போது, ஆடாமலே ஆடுகிறதுபோல் பாசாங்கு செய்யும். ஆகவே நட்சத்திரம் ஒரு சுற்றுச் சுற்ற எவ்வளவு காலம் ஆகிறது என்பது தெரிந்தாக வேண்டும். ஆட்டமும் சுற்றும் ஒரே கணக்கில் வந்தால் எல்லாம் புள்ளியின் வேலை. வேறு வேறாக வந்தால் கிரகம்.

ஆட்டத்தை அளந்தவன் ஃபைசான், கோட்டூர்புரத்து ஆராய்ச்சி நிறுவனத்தில் ஹம்சாவோடு வேலை செய்கிறவன். சுற்றை அளந்தவள் ஹம்சா. புள்ளி நம் பக்கம் திரும்பும்போது நட்சத்திரம் துளி மங்கும். ஒரு மங்கலிலிருந்து அடுத்த மங்கல் வரைக்கும் ஒரு சுற்று என்று கணக்கு எடுத்துக் கொடுத்தாள். அது ஆட்டத்தின் காலத்தில் சரிபாதியாக இருந்தது. இரண்டும் வேறு வேறு, ஆகவே கிரகம். ஃபைசான் அப்போதே கேட்டான்: "கரெக்டா பாதியா வருதே ஹம்சா, ஒருவாட்டி பாத்துடேன்." கட்டுரையை அனுப்ப வேண்டிய வாரம் அது. "பாத்துட்டேன்" என்றாள். அவள் பார்க்கவில்லை. இயற்கையில் இப்படியெல்லாம் ஒத்துப்போவது உண்டு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மயிலாப்பூர் மாட வீதிகளை ஒலிபெருக்கி கட்டிய இரண்டு ஆட்டோக்கள், ஒன்று இந்த வீதியில் என்றால் மற்றது எதிர் வீதியில் என்ற கணக்கில், ஒரே திசையில் சுற்றி வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். குளத்தங்கரையில் ஒரே இடத்தில் நிற்பவருக்கு ஒரே ஆட்டோதான் வேகமாகச் சுற்றி வருகிறது என்று தோன்றும். அதே கதைதான். நட்சத்திரத்தின் இந்த முகத்தில் ஒரு புள்ளிக்கூட்டம், பின்முகத்தில் இன்னொன்று. இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொண்டு, ஒரு சுற்றை இரண்டாக எண்ணிவிட்டாள். இந்தப் பருவத்து அளவுகள் கொலு முதல் நாள் வந்தபோது ஒரு புள்ளிக்கூட்டம் அழிந்துபோயிருந்தது. மங்கல் இப்போது முன்பைப்போல் இரண்டு மடங்கு இடைவெளியில் வந்தது. நட்சத்திரத்தின் உண்மையான சுற்று ஃபைசான் அளந்த ஆட்டத்தோடு அப்படியே பொருந்தி உட்கார்ந்தது. கிரகம் போயிற்று.

போனது கிரகம் மட்டுமென்றால் நாலு நாள் அழுதுவிட்டுத் தேறிக்கொள்ளலாம். விஜயதசமிக்கு மறுநாள் அவர்கள் நிறுவனத்தில் ஃபைசானுக்கு நேர்காணல் இருந்தது. நிரந்தர வேலை. முனைவர் பட்டம் வாங்கிய நாளிலிருந்து வருஷா வருஷம் நீட்டிக்கிற தற்காலிக ஊதியத்திலேயே காலத்தை ஓட்டியவன். இந்த வருஷத்தோடு அவனுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். தேர்வுக் குழு அவனைக் கூப்பிட்டதே அந்தக் கிரகத்துக்காகத்தான். பிழை அவளுடையது, போகப்போவது அவன் வேலை.

ஐந்தாம் நாள் ஃபைசானும் அவன் மனைவி ரூஹியும் கொலுவுக்கு வந்தார்கள். ராயப்பேட்டையிலிருந்து வருஷம் தவறாமல் வருகிறவர்கள்தான். வந்தவுடனே மாமி ஃபைசானைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக மூலைக்குக் கூட்டிப்போனாள்.

"இவா சேந்துதான் கண்டுபிடிச்சா. நீயே சொல்லுப்பா, நான் சொன்னா தப்பும் தவறுமா வரும்."

அவன் சொன்னான். அவன் சொன்னால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். கூடத்தில் இருந்த பெண்கள் சுண்டலை மறந்துவிட்டு நின்றார்கள். அந்த நட்சத்திரத்தை வெறும் கண்ணால் பார்க்கவே முடியாது, அவ்வளவு மங்கல் என்றான். ஆனால் நம் சூரியன் அணைந்த பிறகும் கோடிகோடி வருஷம் அது எரிந்துகொண்டிருக்கும், அவசரமே கிடையாது அதற்கு என்றான். அந்தச் சாயங்காலக் கோட்டில் நின்று பார்த்தால் சூரியன் தொடுவானத்தில் அப்படியே நிற்கும், பெரிதாக, சிவப்பாக, இறங்கவே இறங்காமல் என்றான். ரூஹி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹம்சாவால் அங்கே நிற்க முடியவில்லை.

மாமி ரூஹிக்கு வெற்றிலைபாக்கு எடுத்துவைக்க உள்ளே போனபோது, "மொட்டை மாடிக்கு வா, ஒரு நிமிஷம்" என்று ஹம்சா ஃபைசானை அழைத்துக்கொண்டு போனாள்.

மேலே துணி காயப்போடும் கொடிகளுக்கு நடுவே நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. போனில் புது அளவுகளின் படத்தைக் காட்டினாள். அவன் அதைப் பெரிதாக்கிப் பார்த்தான், சின்னதாக்கிப் பார்த்தான். விவரம் தெரிந்தவனுக்கு ஒரு பார்வை போதும்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"கொலு வெச்ச அன்னிக்கு."

"அப்ப கீழ நான் கதை சொல்லிட்டிருந்தேனே, அப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும்."

அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டான். கீழே பறக்கும் ரயில் ஒன்று ஸ்டேஷனுக்குள் வந்து நின்று, கிளம்பிப் போனது.

"இன்டர்வியூ முடிஞ்சப்புறம் சொல்லியிருக்கலாம் ஹம்சா."

"அப்படிச் சொன்னா நீ அங்க பொய் சொன்ன மாதிரி ஆயிடுமேன்னுதான்…"

"எப்படி ஆகும்? எனக்குத் தெரியாம இருந்திருந்தா அது பொய் இல்ல, தப்பு. தப்புப் பண்ணவனுக்கு வேலை குடுப்பாங்க. எல்லாரும் பண்றதுதான். நாலு மாசம் கழிச்சு நீயும் நானும் சேந்து திருத்தி எழுதியிருக்கலாம். இப்பதான் அது பொய். இப்ப நான் அங்க போய் ஒண்ணு பொய் சொல்லணும், இல்ல வேலை வேணாம்னு சொல்லணும். உன் மனசுல இருந்ததைக் கொண்டுவந்து என் மனசுல எறக்கிவெச்சுட்ட. உனக்கு இப்பக் கொஞ்சம் லேசா இருக்குமே?"

லேசாகத்தான் இருந்தது. அதுதான் அவளை வெட்கப்பட வைத்தது.

"தப்பு என்னுதுன்னு நானே குழுவுக்கு எழுதிடறேன்," என்றாள். "நீ கேட்ட, நான்தான் பாக்காமலே பாத்துட்டேன்னு சொன்னேன். அதையும் எழுதறேன். அப்புறம் உன்னை எப்படிக் குத்தம் சொல்லுவாங்க?"

"டிசம்பர்ல உன் கான்ட்ராக்டை நீட்டிக்கலாமா வேணாமான்னு பாக்கப்போறதும் அதே ஆளுங்கதான்."

"பரவாயில்ல. எழுதறேன்."

அவன் பதில் சொல்வதற்குள் ரூஹி மேலே வந்துவிட்டாள். கையில் தேங்காய், ரவிக்கைத் துணி எல்லாம் வைத்த பை. "மாமி மஞ்ச கலர் குடுத்திருக்காங்க, பாருங்க. வேலை கெடச்சதும் வீடு பாக்குறப்ப இந்தப் பக்கமே பாக்கச் சொன்னாங்க" என்றாள். ஃபைசான் பையை வாங்கிக்கொண்டு, "பாக்கலாம்" என்றான். படியிறங்கும்போது அவன் ஹம்சாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

எழுதுகிறேன் என்றவள் அன்று எழுதவில்லை. மறுநாள் கணக்கை இன்னொரு தடவை போட்டுப் பார்த்தாள், எங்கேயாவது கிரகம் தப்பிப் பிழைக்காதா என்ற நப்பாசையில். பிழைக்கவில்லை. அதற்கு மறுநாள் முதல் வரி எழுதி, அழித்து, திரும்பவும் எழுதினாள். இப்படியே சரஸ்வதி பூஜை வந்துவிட்டது. காலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் மேஜைமேல் லேப்டாப்பைக் காணோம். கொலுவுக்கு முன்னால் மணைப் பலகையில், அனிருத்தின் பழைய பள்ளிக்கூடத்துப் புத்தகங்கள், மாமியின் வீணை, இவற்றுக்கு மேலே பட்டுத்துணியில் உட்கார்ந்திருந்தது. மூடியில் சந்தனம், குங்குமம்.

"நாளைக்குக் கார்த்தால புனர்பூஜை பண்ணிட்டு எடுத்துக்கோ," என்றாள் மாமி. "இன்னிக்கு வாசிக்கப்படாது, எழுதப்படாது."

ஹம்சாவுக்கு அழுகை வந்துவிட்டது. மாமி பதறிப்போனாள். அங்கேயே, பொம்மைகளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து ஹம்சா விஷயத்தை உடைத்தாள். கிரகம் இல்லை, அவள் தப்பாக எண்ணிவிட்டாள், ஃபைசானின் வேலை போகப்போகிறது. மாமி பாதியில் ஒருமுறை திரும்பிச் சுற்றிக்கொண்டிருந்த பந்தைப் பார்த்தாள். பிறகு மருமகளின் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"நெஜமாவே இல்லையா?"

"இல்லேம்மா."

"சரி. வேற யார்ட்டயும் சொல்லிண்டிருக்காதே. கொலுவை நடுவுல கலைக்கப்படாது. விஜயதசமி ஆகட்டும், பாத்துக்கலாம்."

அன்று சாயங்காலம் பதினாலு பேர் கொண்ட ஒரு பஜனை கோஷ்டி வந்தது. மாமி அவர்களை மூலைக்கு அழைத்துப்போய்க் கிரகத்தைக் காட்டினாள். குரலில் ஒரு பிசிறு இல்லை. முந்தின நாட்களைவிட நன்றாகவே சொன்னாள், ஃபைசானிடமிருந்து பிடித்துக்கொண்ட அந்த இறங்காத சூரியனையும் சேர்த்து. ஹம்சா சுண்டல் தட்டோடு நின்று கேட்டாள். முதலில் கோபம் வந்தது. அப்புறம் மாமிமேல் கோபப்பட தனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றியது. லேப்டாப் பூஜையில் இருந்தால் என்ன, போனில் எழுதியிருக்கலாம். நாலு வரிக் கடிதம். ஒரு விரலால்கூட அடித்துவிடலாம். பூஜையைக் காரணம் காட்டி ஒரு நாளும், மறுநாள் கொலுவைப் பிரித்துப் பொம்மைகளைக் காகிதத்தில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்குவதைக் காரணம் காட்டி இன்னொரு நாளும் போக்கினாள்.

நேர்காணல் நாள் காலை ரூஹியிடமிருந்து செய்தி வந்தது. 'அவர் ராத்திரி பூரா தூங்கல. கேட்டா டென்ஷன்னு சொல்றார். நீங்க ஹால்ல இருப்பீங்கல்ல?' 'இருப்பேன்' என்று பதில் போட்டாள். கோட்டூர்புரம் போகும் ஆட்டோவில் தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டாள். யார் அளந்தது என்ற கேள்வி எழுந்தால், எழுந்து நின்று நான்தான் என்று சொல்லிவிடுவது. கடிதத்தைவிட அது இன்னும் நல்லது, எல்லோர் முன்னாலும் சொன்ன மாதிரி இருக்கும். தன்னைக் கொஞ்சம் மெச்சிக்கொள்ளவும் செய்தாள்.

நேர்காணலுக்கு முன்னால் ஒரு பேச்சு கொடுக்க வேண்டும், அதற்கு நிறுவனத்தில் இருக்கும் யாரும் வரலாம் என்பது வழக்கம். அரங்கு நிறைந்திருந்தது. முன்வரிசையில் தேர்வுக் குழு. தலைவர் வடக்கேயிருந்து வந்தவர், தமிழ் தெரியாது. பேச்சு, கேள்வி எல்லாமே ஆங்கிலத்தில்தான். ஹம்சா கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்தாள்.

ஃபைசான் புதுச் சட்டை போட்டிருந்தான். பாதிப் பேச்சு வரைக்கும் கிரகம் இருந்தது. ஆட்டத்தை எப்படி அளந்தான், எவ்வளவு நுணுக்கமான வேலை என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவன், திடீரென்று நிறுத்தித் தண்ணீர் குடித்தான். அடுத்த படத்தைப் போட்டான். ஹம்சா காட்டிய படம் அல்ல. அவனே அளவுகளை எடுத்து, அவனே முதலிலிருந்து கணக்குப் போட்டிருந்தான்.

"இந்தக் கிரகத்தை நாங்கள் அறிவித்தோம். அது இல்லை. நட்சத்திரத்தின் ஒரு சுற்றை இரண்டாக எண்ணிவிட்டோம். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று இன்று காலை எழுதிவிட்டேன்."

குழுவில் ஒருவர் பேனாவை மூடி வைத்தார். அந்தச் சின்னச் சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. தலைவர் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இது கல்லூரி மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற எச்சரிக்கை ஆயிற்றே. சரிபாதியாக வரும்போது யாருக்கும் சந்தேகம் வரவில்லையா? சுழற்சியை அளந்தது யார்?"

"நான்தான்" என்றான் ஃபைசான். "சந்தேகம் வந்தது. என்னோடு வேலை செய்தவர் திரும்பப் பார்க்கச் சொன்னார். நான் பார்க்காமலே பார்த்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேன்."

ஹம்சா செய்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டான். தன் வேலைக்காக ஒரு பொய் சொல்லத் துணியாதவன், அவளுக்காக அத்தனை பேர் முன்னால் கூசாமல் சொன்னான். அவள் எழுந்துவிட்டாள். நாற்காலி கிறீச்சிட்டது. முன்வரிசையில் தலைகள் திரும்பின.

ஃபைசான் அவளைப் பார்த்தான். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, அந்த அரங்கில் அன்று பேசப்பட்ட ஒரே தமிழ் வார்த்தைகளைச் சொன்னான்.

"ரெண்டு பேர் வேலையும் போக வேணாம். உக்காரு ஹம்சா."

தலைவருக்குப் புரியவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தார். "உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கிறதா?"

நான்தான் அளந்தேன். இதைச் சொல்ல ஒரு மூச்சு போதும். வாயைத் திறந்தாள். டிசம்பர் நினைவுக்கு வந்தது. முன்வரிசையில் திரும்பியிருந்த ஒவ்வொரு முகமும் டிசம்பராகத் தெரிந்தது.

"இந்த நட்சத்திரத்தில்," என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். குரல் நடுங்கவில்லை, அதுதான் கொடுமை. "இந்த நட்சத்திரத்தில் அடுத்ததாக என்ன செய்யலாம் என்று நினைக்கிறீர்கள்?"

"நல்ல கேள்வி," என்றான் ஃபைசான். முன்பின் தெரியாத யாரோ ஒருவர் கேட்டதுபோல் மரியாதையாகத் தலையசைத்து, அவளுக்கு விவரமாகப் பதில் சொல்லத் தொடங்கினான். ஹம்சா உட்கார்ந்து, மற்றவர்களோடு சேர்ந்து குறிப்பெடுத்துக்கொண்டாள்.